பழைய கணிப்பொறியும் ஒரு குறுந்தகடும்

பத்தாம் வகுப்பு மாணவி, வத்திராயிருப்பு

முன்னுரை

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறோம். துரும்பே உதவும் என்றால், பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கணிப்பொறி, வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் பரணில் கிடக்கலாமா? வத்திராயிருப்பிலும் கூமாபட்டியிலும் சுந்தரபாண்டியத்திலும் அரசு கொடுத்த மடிக்கணினி துணி சுற்றிய நிலையில் பீரோவின் மேல் உறங்கும் வீடுகள் உண்டு. "அது ஓடாது, ரொம்ப ஸ்லோ" என்பார்கள். அது உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது தாங்க முடியாத சுமையை அதன் தலையில் ஏற்றிவிட்டோமா? புதிதாக ஒரு பொருளும் வாங்காமல், உள்ளே இருப்பதை அழிக்காமல், இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அதுவே குறுந்தகட்டிலிருந்து நேராக இயங்கும் 'லைவ்' லினக்ஸ். அதைப் பற்றி நான் படித்தும் செய்தும் அறிந்தவற்றை அன்புத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறி மெதுவாவது ஏன்?

கணிப்பொறியில் பொருள்களை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஹார்டு டிஸ்க். இது வீட்டு அலமாரியைப் போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் வைத்தது அப்படியே இருக்கும். மற்றொன்று ராம் என்னும் நினைவகம். இது நாம் எழுதும் மேசையைப் போன்றது. வேலை செய்யும்போது தேவையானவற்றை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிக்கொள்கிறோம். மேசை சிறியதாகவும் புத்தகங்கள் பெரியனவாகவும் இருந்தால், ஒன்றை எடுத்து வைத்து மற்றொன்றை எடுத்து வருவதிலேயே பொழுது போய்விடும். பழைய கணிப்பொறியில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே.

1 கிகாபைட் என்பது 1024 மெகாபைட். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இயங்கக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் போதும். 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு 1 கிகாபைட் தேவைப்பட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். அதாவது இருபது ஆண்டுகளில் மேசையின் அளவு அறுபத்துநான்கு மடங்கு பெருகவேண்டியதாயிற்று. போதாததற்கு, விண்டோஸ் 11 பல பழைய பிராசசர்களை ஏற்பதே இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் நின்றுவிட்டன. நன்றாக ஓடும் எத்தனையோ இயந்திரங்கள் இதனால் ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. இயந்திரம் தேய்ந்தது ஒரு பங்கு. மென்பொருளின் பசி வளர்ந்தது மற்றொரு பங்கு. இந்த இரண்டாம் பங்கை நம்மால் குறைக்க முடியும்.

லினக்ஸ் வந்த வழி

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் பாகங்களை எல்லாம் ஒருங்கிணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அவற்றுள் ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை உருவாக்கும் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உயிர்நாடியான கெர்னலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21 தான்! இவ்விரண்டும் சேர்ந்து வளர்ந்ததையே இன்று லினக்ஸ் என்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்களின் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியும் இந்த லினக்ஸ் கெர்னலின் மீதே ஓடுகிறது என்பது வியப்புக்குரியது.

லினக்ஸின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால், வேண்டாத பகுதிகளை நீக்கிச் சிறிய இயங்குதளங்களைப் பலரும் உருவாக்கினர். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்', குறுந்தகட்டிலிருந்தே இயங்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. 2003-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காவ்லர் 'பப்பி லினக்ஸ்' என்பதைத் தொடங்கினார். பப்பி என்றால் நாய்க்குட்டி. நாய்க்குப் பெயர் பெற்ற இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் நமக்கு இப்பெயர் எளிதில் மறக்காது! பப்பியின் பல பதிப்புகள் 700 மெகாபைட் கொள்ளும் ஒரு சாதாரணக் குறுந்தகட்டில் அடங்கிவிடும். 'ஆன்டிஎக்ஸ்' என்பது இவ்வகையில் மற்றொன்று. 256 மெகாபைட் நினைவகமே உள்ள பழைய இயந்திரத்திலும் இயங்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

குறுந்தகட்டிலிருந்தே இயங்குவது எப்படி?

கல்யாண வீட்டுக்குச் சமையற்காரர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாவற்றையும் அவரே கொண்டு வருகிறார். நம் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறார். நம் சமையலறைப் பாத்திரங்களைத் தொடுவதில்லை. விருந்து முடிந்ததும் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். லைவ் லினக்ஸும் அப்படியே. நம் கணிப்பொறியின் பிராசசரையும் நினைவகத்தையும் திரையையும் மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது; ஹார்டு டிஸ்க்கில் இருப்பதை நாமாகச் சொல்லாமல் மாற்றுவதில்லை.

இது நடக்கும் முறை பின்வருமாறு: பொத்தானை அழுத்தியதும், கணிப்பொறியின் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் சிறு நிரல் விழித்துக்கொள்ளும். இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று அது தேடும். குறுந்தகட்டை முதலில் பார் என்று நாம் சொல்லியிருந்தால், அதிலுள்ள லினக்ஸ் கெர்னலை எடுத்து நினைவகத்தில் வைக்கும். பின்பு, சுருக்கி அடைக்கப்பட்ட மற்றக் கோப்புகள் தேவைப்படும்போது விரிக்கப்படும். பப்பி லினக்ஸ், போதிய இடம் இருந்தால் தன்னை முழுவதுமாக நினைவகத்திலேயே ஏற்றிக்கொள்ளும். அலமாரிக்கு நடக்காமல் எல்லாம் மேசையிலேயே இருப்பதால்தான் பழைய இயந்திரத்திலும் அது சுறுசுறுப்பாக ஓடுகிறது. ஹார்டு டிஸ்க்கே பழுதான கணிப்பொறியைக் கூட இவ்வாறு இயக்கலாம்.

நினைவகத்தில் இருப்பது மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும் அல்லவா? அதனால் அணைக்கும்போது, "நீங்கள் செய்தவற்றைச் சேமிக்கவா?" என்று பப்பி கேட்கும். ஆம் என்றால் பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ ஒரே ஒரு சேமிப்புக் கோப்பை உண்டாக்கி, அதில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் வந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

நம் நாட்டில் லினக்ஸ்

இது ஏதோ வெளிநாட்டுச் செய்தி என்று நினைக்கவேண்டாம். 'பாஸ்' என்னும் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொலூஷன்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தால் சென்னையில் உருவாக்கப்பட்டு 2007-இல் வெளிவந்தது. டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தும்படி அதை அமைத்தார்கள். 2011 செப்டம்பர் 15-இல் அன்றைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியாக அரசுப் பள்ளி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு வந்த மடிக்கணினிகளிலும் பாஸ் லினக்ஸ் இருந்தது. திறந்தவுடன் விண்டோஸா, பாஸா என்று கேட்கும் திரையை நம் அக்காமார் பார்த்திருப்பார்கள். பலரும் விண்டோஸையே தேர்ந்து மற்றதை மறந்துவிட்டனர்.

நம் ஊருக்கு மேற்கே தெரியும் மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் 2001-இல் தொடங்கிற்று. இன்று அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக நடக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணிப்பொறிப் பாடம் பயில்கின்றனர். மலைக்கு அந்தப்புறத்துப் பிள்ளைகளுக்கு இயன்றது நமக்கும் இயலும்.

பெரியப்பா வீட்டு மடிக்கணினி

என் பெரியப்பா மகள் பிளஸ் டூ படிக்கையில், 2012-இல் அவருக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அதில் 2 கிகாபைட் நினைவகம் உண்டு. அக்கா கல்லூரி முடித்து, திருமணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டார். மடிக்கணினி மட்டும் பெரியப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. பாட்டரி செத்துவிட்டது, சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியும், ஆனால் விண்டோஸ் பாதி வழியில் நின்றுவிடும். பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். நானோ அடுத்த ஆண்டு பிளஸ் ஒன்னில் கணிப்பொறி அறிவியல் எடுக்க விரும்புகிறேன். புதிய மடிக்கணினிக்கு முப்பதாயிரம் ரூபாய் வேண்டும் என்று கடையில் கூறியதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. தென்னையிலும் நெல்லிலும் வரும் வருமானம் எங்கள் மூவரின் படிப்புக்கே சரியாக இருக்கிறது.

ஆகையால் எங்கள் கணிப்பொறி ஆசிரியையின் துணையுடன் பப்பி லினக்ஸை ஒரு பென் டிரைவில் எழுதி, அந்த மடிக்கணினியில் செருகினோம். சில நிமிடங்களில் திரை எழுந்தது. எலிக்குறி நகர்ந்தது. ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தபோது அக்காவின் கல்லூரி புராஜெக்டும், இறந்துபோன எங்கள் அப்பத்தாவின் புகைப்படங்களும் பத்திரமாக இருந்தன. அவற்றை வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்தோம். அந்தப் படங்கள் வேறு யாரிடமும் இல்லை. பெரியப்பா அதன்பின் இரும்புக் கடைப் பேச்சை எடுக்கவில்லை. "நீயே வச்சுப் படி தாயி" என்று சொல்லி மடிக்கணினியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

செய்முறை

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் பின்வரும் படிகளைப் பின்பற்றலாம்.

1. இயந்திரம் 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்றும், நினைவகம் எவ்வளவு என்றும் அறிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் திறந்தால் 'சிஸ்டம்' பகுதியிலேயே இவ்விவரம் இருக்கும்.

2. பப்பி, ஆன்டிஎக்ஸ், பாஸ் முதலியவற்றுள் ஏற்ற ஒன்றை, அதை உருவாக்கியோரின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். அது ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே கோப்பாக வரும்.

3. அக்கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்தால் இயங்காது. குறுந்தகட்டில் 'படிமமாக' எழுதவேண்டும். குறுந்தகடு போடும் வசதியில்லாத மடிக்கணினிக்கு, ரூஃபஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு பென் டிரைவில் எழுதலாம். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். ஆகவே காலியானதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. தகட்டை இட்டு இயந்திரத்தை இயக்குங்கள். உடனே எஃப் 12, எஃப் 2, எஸ்கேப், டெலிட் ஆகிய விசைகளுள் ஒன்றை விட்டுவிட்டு அழுத்துங்கள். எந்த விசை என்பது தயாரித்த நிறுவனத்தைப் பொறுத்தது. முதல் திரையின் ஓரத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

5. வரும் பட்டியலில் குறுந்தகட்டையோ யூ.எஸ்.பி.யையோ தேர்ந்தெடுங்கள். திரை வந்ததும் நேரத்துக்கு 'ஆசியா, கொல்கத்தா' என்பதைத் தேர்க.

6. ஒலி, வைஃபை, விசைப்பலகை மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்று செய்யாவிட்டால் வேறொரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் வராத வைஃபை மற்றொன்றில் வருவதுண்டு.

7. 'இன்ஸ்டால்', 'ஃபார்மேட்' என்னும் சொற்கள் வந்தால் அங்கே நில்லுங்கள். இவை ஹார்டு டிஸ்க்கை அழிக்கக் கூடியவை. வேண்டிய கோப்புகளை எல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்து, விவரம் தெரிந்தவரைக் கேட்ட பின்னரே அவற்றைத் தொடவேண்டும்.

படிப்புக்கு என்ன பயன்?

நம் தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் கணிப்பொறிப் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு என்னும் லினக்ஸும் பாடமாக உள்ளது. கடிதம் தயாரிப்பதையும் கணக்குத் தாளையும் ஓப்பன் ஆபீஸ் வழியாகவே கற்பிக்கிறார்கள். பிளஸ் டூ கணிப்பொறி அறிவியலில் பைத்தான் மொழி வருகிறது. இவை யாவும் இலவசமாகக் கிடைப்பவை. ஓப்பன் ஆபீஸைப் போன்ற லிப்ரே ஆபீஸும் பைத்தானும் பழைய மடிக்கணினியில் தாராளமாக ஓடும். பாடப்புத்தகங்களைப் பி.டி.எஃப். கோப்புகளாக வைத்துப் படிக்கலாம். கைப்பேசியின் சிறு திரையில் கண்ணை இடுக்கிப் படிப்பதைவிட இது நன்று.

தமிழில் தட்டச்சு செய்யவும் இயலும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட 'தமிழ் 99' விசைப்பலகை முறை லினக்ஸிலும் உண்டு. பாஸில் தமிழ் வசதி உடன் வரும். பப்பியிலும் ஆன்டிஎக்ஸிலும் தமிழ் எழுத்துருவையும் தட்டச்சுக் கருவியையும் ஒருமுறை தனியே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு பயனும் உண்டு. விலைக்கு விற்கும் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுத்துப் போடுவது சட்டப்படி குற்றம். அத்தகைய நகல்களில் வைரஸும் ஒளிந்து வரும். லினக்ஸையோ நகலெடுத்துத் தோழிக்குக் கொடுக்க அதன் உரிமமே நமக்கு அனுமதி தருகிறது. மனச்சாட்சி உறுத்தாமல் பகிர்ந்துகொள்ளலாம்.

குறைகளும் எச்சரிக்கைகளும்

நன்மைகளை மட்டும் சொல்லிக் குறைகளை மறைப்பது முறையாகாது. 2 கிகாபைட் நினைவகத்தில் பாடம் படிக்கலாம், தட்டச்சு செய்யலாம், நிரல் எழுதலாம்; ஆனால் இணைய உலாவியில் பல பக்கங்களை ஒரே நேரத்தில் திறந்தால் திணறும். வீடியோவைத் தெளிவு குறைத்தே பார்க்கவேண்டியிருக்கும். டாலி போன்ற, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இதில் நேராக ஓடா. 32 பிட் இயந்திரங்களைப் பெரிய லினக்ஸ்களும் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவ்வகை இயந்திரங்களில் புதிதாக நிறுவ வழியில்லை. எனவே மிகப் பழையவற்றை இணையத்தில் இணைக்காமல் தட்டச்சுக்கும் பயிற்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நலம்.

பப்பி லினக்ஸில் பயன்படுத்துபவரே எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக இருக்கிறார். ஆதலால் வங்கி வேலைகளை அதில் செய்யாதிருப்பது நல்லது. மேலும், நாங்கள் அக்காவின் கோப்புகளைத் திறந்தது போலவே, குறுந்தகடு வைத்திருக்கும் வேறெவரும் நம் கோப்புகளைத் திறக்கக் கூடும். ஆகவே பழைய கணிப்பொறியை விற்கும்போதோ கொடுக்கும்போதோ உள்ளிருக்கும் படங்களையும் ஆவணங்களையும் முற்றிலும் அழித்துவிடவேண்டும் என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்வார்களாக.

உண்மையிலேயே உயிர் போன இயந்திரங்களும் உண்டு. தாய்ப்பலகை எரிந்திருந்தால் எந்தத் தகடும் அதை எழுப்பாது. அப்படிப்பட்டதைக் குப்பையில் எறியவோ தீயிடவோ கூடாது. பழைய மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் உண்டு. பாட்டரி தீப்பற்றக் கூடியது. மின்னணுக் கழிவுக்கென மத்திய அரசு வகுத்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேரும்படி அதைக் கொடுப்பதே சரி.

முடிவுரை

புதிய பொருளை வாங்குவதே முன்னேற்றம் என்று பலரும் எண்ணுகின்றனர். நம் அம்மாமார் பழைய பட்டுச் சேலையைக் கிழித்துப் பிள்ளைக்குப் பாவாடை தைத்தார்கள். அது சிக்கனம் மட்டுமன்று, பொருளின் அருமை அறிந்த செயலும் ஆகும். கணிப்பொறிக்கும் அவ்வருமை உண்டு. புதியது வாங்க இயலாத வீட்டிலும் படிக்க விரும்பும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே தோழியரே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணையும் பீரோவின் மேற்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். பெற்றோரின் அனுமதியுடன், ஆசிரியையின் துணையுடன் ஒரு தகட்டைப் போட்டுப் பாருங்கள். எழுந்தால் படியுங்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றால், தேவைப்படும் ஒரு தங்கைக்குக் கொடுங்கள். அதை எப்படி இயக்குவது என்றும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.